தொட்டிக்குள் ஒரு குரல்

ஒரு நாளைக்கு முப்பத்தோராயிரம் பேர் என்னை அழவைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடும், பரீட்சை மாதத்தில் குறையும். அந்த நேரத்தில் நான் பெருங்குடியில் நாலாவது மாடியில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு ஒன்றும் ஆகாது. யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு என்று எங்கள் மேலாளர் நிரஞ்சன் சொல்வார். யாராவது பார்வையிட வந்தால் அதையே ஸ்லைடு போட்டுச் சொல்வார்.

ஜூன் மாதம் புதிதாக வந்த ஜெனிட்டாவுக்கு நான்தான் டிரெயினிங் கொடுத்தேன். நாகர்கோவில் பக்கத்துப் பெண். முதல் நாள் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். மீட்டிங் ரூமில் யாரோ சிரித்தார்கள். மறுநாளிலிருந்து பூ இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

"எனக்க அம்மைக்கு இன்னும் பிடிபடல்ல அக்கா. கேம் கம்பெனியில என்ன வேலன்னு கேக்கா. நாள் பூரா வெளையாடுத வேலையான்னு."

"போலீஸ் வேலைன்னு சொல்லு. லத்தி மட்டும் தர மாட்டாங்க."

அவள் சிரித்தாள். அதன் பிறகு வேலையைச் சொன்னேன்.

எங்கள் விளையாட்டின் பெயர் புதூர். போனில் ஆடுவது. நாற்பது பேர் சேர்ந்து ஒரு ஊரைக் கட்டுவார்கள். வீடு, கிணறு, பள்ளிக்கூடம், தேர். எட்டு வயதுக் குழந்தையும் ஆடும், ரிட்டயர் ஆன வாத்தியாரும் ஆடுவார். இதற்குள் இரண்டு வகை ஆட்கள் வந்து தொலைப்பார்கள். ஒருவன் திருட்டு ஃபைல் போட்டு, ஒரு நிமிடத்தில் மூன்று மாடி எழுப்பி ஜெயிக்கிறவன். இன்னொருவனுக்கு ஜெயிக்கவே வேண்டாம். அடுத்தவர் கட்டியதை எரிக்க வேண்டும், அவர்கள் மைக்கில் கதறுவதைக் கேட்க வேண்டும். அவனுக்குத்தான் கிரீஃபர் என்று பெயர்.

"தடை பண்ணிர வேண்டியதுதானே அக்கா?"

"பண்ணினோம். பத்து நிமிஷத்துல வேற சிம் போட்டு வருவான். வந்து, தடை பண்ண கோவத்தையும் சேர்த்து எரிப்பான்."

"பெறகு?"

"அதான் தொட்டி."

மெஷின் ஒருவனைச் சந்தேகப்பட்டால் வெளியே தள்ளாது. சத்தமில்லாமல் அவனை மட்டும் வேறொரு சர்வருக்கு மாற்றிவிடும். அதே ஊர், அதே மழை, அதே நாற்பது பேர். ஆனால் அந்த நாற்பது பேரும் பொம்மைகள். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனித் தொட்டி. அவன் எரிப்பான், பொம்மை கத்தும், அவன் திருப்தியாகத் தூங்கப் போவான். வெளியே குழந்தைகள் நிம்மதியாகத் தேர் கட்டுவார்கள்.

"அவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்கு உள்ள இருக்கப் போறான்?"

"நல்ல விசயந்தானே அக்கா."

"நல்ல விசயந்தான். ஹெட்போனை மாட்டு."

ரிவ்யூ என்பது கேட்கிற வேலை. தொட்டிக்குள் போனவன் உண்மையிலேயே அங்கே இருக்க வேண்டியவன்தானா, மெஷின் தப்பாகத் தள்ளிவிட்டதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். ஜெனிட்டா முதல் கிளிப்பைப் போட்டாள். அதில் ஒருவன் கதவை உடைக்கிறான். வீட்டுக்குள் மல்லி என்கிற பொம்மை. "அண்ணா வேண்டாம்ணா. விட்டுடுங்கண்ணா. மூணு நாளா கட்டினேண்ணா."

ஜெனிட்டா ஹெட்போனைக் கழற்றினாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது உங்க சத்தம்லா?"

"அடுத்த கிளிப்பைப் போடு," என்றேன்.

நான் இந்தக் கம்பெனிக்கு வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். என் முழுப் பெயர் இசக்கியம்மாள். ஆபீஸில் இசை. அவர்களே வெட்டிக்கொண்டார்கள். தூத்துக்குடி முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதற்கு ஒரு சான்றிதழ் உண்டு, தாசில்தார் கையெழுத்துப் போட்டது. அதை வாங்க ஏழு தடவை தாலுகா ஆபீஸ் போனோம், நானும் அண்ணன் சுடலையும். அங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட வேண்டும். என்ன இது என்று கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். கேட்காவிட்டால் வேலை நடக்கும்.

கம்பெனியில் முதல் மூன்று வாரம் விளையாடிப் பார்க்கச் சொன்னார்கள். சோதனை ஆட்டம் என்றார்கள். நான் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு வீடு கட்டினேன். ஓட்டு வீடு, முன்னால் ஒரு முருங்கை. நாலாம் நாள் யாரோ வந்து கொளுத்தினார்கள். நான் கத்தினேன். மறுபடி கட்டினேன், மறுபடி கொளுத்தினார்கள். மைக்கில் ஆண் குரல்கள். எந்த ஊருடி நீ, எந்தத் தெரு, உன் பேச்சே சொல்லுதே, கதவைத் திற. எங்கள் ஊரில் தெரியாத ஆளை அண்ணாச்சி என்போம். நானும் அண்ணாச்சி விட்டுருங்க என்றுதான் முதலில் சொன்னேன். நிரஞ்சன் வந்து, அண்ணாச்சின்னா மளிகைக்கடை மாதிரி இருக்கு, அண்ணான்னு சொல்லிப் பழகு, சென்னையில் எல்லாரும் அப்படித்தான் என்றார். பழகினேன். தெரியாத ஆம்பளையை அண்ணா என்றால் கொஞ்சம் பயப்படுவான் என்று நினைக்கிறோம். பஸ்ஸில், கடையில், ஆட்டோவில், எல்லாப் பெண்களும் அப்படி நினைத்துத்தான் சொல்கிறோம்.

மூன்று வாரம் முடிந்ததும் அந்த ஆண் குரல்களின் சொந்தக்காரர்கள் பக்கத்து கேபினிலிருந்து எழுந்து வந்து கைகொடுத்தார்கள். "சூப்பரா பண்ணீங்க." கேக் வெட்டினோம். நியமனக் கடிதத்தில் பதினாலு பக்கம். பென்சில் குறி இருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாம் பக்கத்தில் என் குரல், என் அழுகை, என் பேச்சு வழக்கு எல்லாம் அவர்களுடையது என்று இருந்ததாம். வீட்டில் காட்டிக் கேட்கலாம் என்றால் வீட்டில் எனக்கு மேலே படித்தவர் யாரும் இல்லை. நான்தானே முதல்.

பொம்மைக்கு மல்லி என்று பெயர் வைத்தார்கள். அது என் குரலில் பேசக் கற்றுக்கொண்டது. எவன் என்ன சொன்னாலும், நான் என்ன சொல்லியிருப்பேனோ அதையே சொல்லும். நான் அதை நாள் முழுக்க ஹெட்போனில் கேட்டேன். முதல் வருடம் கழிவறையில் போய் வாந்தி எடுத்தேன். இரண்டாம் வருடம் எடுக்கவில்லை. இரண்டாம் வருடத்தில் வேறு ஒன்று நடந்தது. அண்ணன் போன் பண்ணினால் எடுக்க முடியவில்லை. பேசினால் என் சத்தம் என் காதில் விழும். 'பிஸி' என்று அனுப்புவேன். அவன் 'செரி' என்று அனுப்புவான். துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். வரிசையில் நாலு மணி, ஐந்து மணி நேரம் நிற்கிறவன். பேச நேரம் இருக்கிற ஆள்.

ஜூலையில் ஒரு மத்தியானம் சிக்னல் பக்கத்துக் கரும்புச்சாறு வண்டிக்குப் போனேன். "ஐஸ் வேண்டாம்ணா" என்றேன். பக்கத்தில் நின்றவர் தலையைத் திருப்பினார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் குழந்தையின் தண்ணீர் பாட்டில். எல்.கே.ஜி. யூனிஃபார்ம்.

"மல்லி?" என்றார்.

நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"சாரிங்க. ஒரு கேம்ல ஆடற பொண்ணோட வாய்ஸ். அப்படியே இருக்கு உங்களுக்கு." உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். பழைய கூட்டாளியைப் பார்த்த மாதிரி முகம். "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்."

"என்னத்த?"

"அதான், விட்டுடுங்கண்ணான்னு."

குழந்தை அண்ணாந்து என்னைப் பார்த்தது, நான் ஏதோ வித்தை காட்டப் போகிறேன் என்பதுபோல. நான் டம்ளரைக் கடைசிவரை குடித்தேன். வைத்துவிட்டு நடந்தேன். ஆபீஸ் லிஃப்ட்டில் நாலை அமுக்கினேன்.

நிரஞ்சன் அறைக்கு நேராகப் போனேன்.

"என் குரலை எடுத்துடுங்க சார்."

"சார் வேண்டாம், பேர் சொல்லுன்னு எத்தனை தடவை சொல்றது? உட்காரு இசை."

"என் குரலை எடுத்துடுங்க நிரஞ்சன்."

அவர் ஸ்கிரீனைத் திருப்பினார். "தொட்டி வர்றதுக்கு முன்னாடி வெளி சர்வர்ல ஒரு நாளைக்கு நாலாயிரம் புகார். பாதி, பதினாலு வயசுக்குக் கீழ. இப்ப நூத்திப்பத்து."

"தெரியும். அந்த நம்பரை எக்செல்ல போட்டதே நான்தான்."

"அப்புறம் என்ன? அது நீ இல்லை. அதுக்கு வலிக்காது. உனக்கும் வலிக்கலை."

"அப்ப உங்க அக்கா குரலைப் போடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் கிடையாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஹாஸ்டலுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியவர். "பர்சனலாப் போகாதே. வேற குரல் போட்டுப் பார்த்தோம். ஆறு பொண்ணுங்க, நாடகப் பயிற்சி எடுத்தவங்க. ரெண்டே நிமிஷத்துல இது டூப்புன்னு கண்டுபிடிச்சு வெளிய போயிட்டானுங்க. உன்கிட்ட பதினேழு நிமிஷம் இருக்கான். நீ நடிக்கலை, அதான்."

"எனக்குத் தெரியாது அது பதிவுன்னு."

"கரெக்ட். அதுதான் வேணும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. ஸ்கிரீனைப் பழையபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். இன்னொருத்தி கிடைச்சா உன்னை எடுத்துடறேன். நேர்மையாச் சொல்றேன். ஜெனிட்டா எப்படி?"

"அவ எதுக்கு?"

"உன்னை மாதிரியே இருக்கா."

கேம்பஸ் இன்டர்வியூவில் கொடுத்த படிவம் ஞாபகம் வந்தது. அதில் ஒரு கட்டம். குடும்பத்தில் முதல் பட்டதாரியா? ஆம் என்று டிக் போட்டேன். ஜெனிட்டாவும் போட்டிருப்பாள். ஏதாவது சலுகை கிடைக்கும் என்று நினைத்தேன். என் கோடிங் பரீட்சை மார்க்கை இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கு அதைக் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை.

"வேண்டாம். நானே இருக்கேன்," என்றேன்.

அவர் நிம்மதியாகச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபம் என்கிற சொல் மட்டும் வந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மல்லிக்குப் புதிதாகப் பதிவு செய்வார்கள். ஒரே மாதிரி அழுதால் அவர்களுக்குச் சலித்துவிடும். கண்ணாடி அறைக்குள் நான் மட்டும். எதிரில் பழைய கிளிப்புகள் ஓடும், நான் பதில் சொல்ல வேண்டும். பதிவை எழுத்தாக்கும் மெஷினுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு பிடிபடாது. அதனால் என் பதிவைச் சரிபார்க்கும் வேலையும் எனக்குத்தான் வரும். மூன்று வருடமாக யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. எங்கள் பேச்சை உட்கார்ந்து கேட்க யாருக்கும் பொறுமை இல்லாததால் விழுந்த ஓட்டை அது. ஆகஸ்டில் அந்த ஓட்டைக்குள் கையை விட்டேன்.

ஒருவன் கதவைத் திற என்றான். நான் சொன்னேன், "இங்க யாரும் இல்ல. இது தொட்டி. ஒங்கள மட்டும் தனியா தள்ளி விட்ருக்காங்க. நான் பொண்ணு இல்ல, பதிவு. நீங்க எரிக்கது வீடு இல்ல. போயிருங்க."

அடுத்தவன் வேறு ஏதோ கேட்டான். அதையே சொன்னேன். நானூறு கிளிப், நாலு நாள். அழவில்லை, கத்தவில்லை. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி சொன்னேன். நானே கேட்டு, நானே சரி என்று டிக் போட்டு அனுப்பினேன். பழைய அழுகையை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் பயன்படுத்து என்கிற கட்டத்திலும் டிக் போட்டேன்.

என் எண்ணம் எளிமையானது. தெரிந்தால் போய்விடுவார்கள். போய்விட்டால் மல்லி எதற்கும் ஆகாது. எதற்கும் ஆகாததை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை நேரலைக்குப் போனது. முதல் ஒரு மணி நேரத்தில், ஒருவன் மல்லியிடம் இருக்கும் சராசரி நேரம் பதினேழு நிமிடத்திலிருந்து ஒன்பதாகக் குறைந்தது. நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது இருபது. மத்தியானம் நாற்பத்திநாலு.

கிளிப்புகளைக் கேட்டேன். கல்லூரிப் பையன் குரல் ஒன்று. மல்லி சொல்வதை முழுக்கக் கேட்டான். அப்புறம், "யாருமே இல்லையா? நெசமாவா? அப்ப நல்லதாப் போச்சு," என்றான்.

அவ்வளவுதான். எல்லாக் கிளிப்பும் ஏறக்குறைய அதுதான். அதுவரை அவர்களுக்குள் ஏதோ ஒரு மூலையில் ஒரு தயக்கம் இருந்திருக்கிறது. மறுமுனையில் ஒரு பெண் இருக்கிறாள் என்கிற தயக்கம். பதினேழு நிமிடத்தில் அவர்களை எழுந்து போகவைத்தது அதுதான். அதை நான் எடுத்துவிட்டேன்.

மூன்றாம் வாரத்தில் இன்னொன்று. வெளி சர்வரில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தவர்கள் திருட்டு ஃபைல் போட ஆரம்பித்தார்கள். ஜெயிக்க அல்ல. பிடிபட. பிடிபட்டால்தான் தொட்டிக்குள் போக முடியும். சிலர் புகார்ப் பெட்டியிலேயே எழுதினார்கள். 'என்னையும் அங்கே அனுப்புங்கள் ப்ளீஸ்.' மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

நிரஞ்சன் கூப்பிட்டார். "நீ பண்ணது தப்பு."

"ஆமா."

"சொல்லாம பண்ணக்கூடாது." அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆனா நம்பரைப் பாரு இசை. நவம்பர் ஒண்ணாம் தேதி இதையே முன்பக்கத்துல பட்டனா வைக்கறோம். யார் வேணா உள்ள போகலாம். இனி ஒளிச்சு வைக்கவே வேண்டாம்."

"என் குரலோடயா?"

"இல்லை இல்லை. உன்னோடது இப்ப ரொம்ப டல்லா இருக்கு. முதல் வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. இனி புதுசு. நீ கேட்ட மாதிரியே எடுத்துடறேன்."

நான் கேட்ட மாதிரியே.

அக்டோபர் முப்பது, காலை பத்து மணிக்கு ஜெனிட்டா என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு ஆளு. மெஷின் இவன மனுசன் இல்லன்னு சொல்லுது. ஒரு அடி கூட அடிக்கல்ல. அஞ்சு மாசமா டெய்லி வாறான். செவரு பூசுதான்."

"என்னது?"

"செவரு. சிமெண்டு. நீங்களே வந்து பாருங்க."

போனேன். திரையில் மல்லியின் வீடு. ஒவ்வொருவருக்கும் தனித் தொட்டி என்பதால் இந்த வீட்டை யாரும் எரிக்கவில்லை. அது வளர்ந்திருந்தது. பின்பக்கம் ஒரு குளியலறை. ஒருவன் அதற்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் லாரி எண் மாதிரி ஏதோ போட்டிருந்தான்.

ஜெனிட்டா சத்தத்தைக் கூட்டினாள். பின்னணியில் நிஜ லாரிகளின் ஹாரன்.

"ஏளா, இந்தக் கதவு கோணலா இருக்குல்லா?"

"இங்க யாரும் இல்ல," என்றது என் குரல். "போயிருங்க."

"செரி செரி. நீ பாட்டுக்குச் சொல்லிட்டே இரு. நான் தாப்பாள மட்டும் வச்சிட்டுப் போறேன்."

முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் சாக்கு. உள்ளே இருக்கும்போது நான் பேசிக்கொண்டே இருப்பேன். வாய்ப்பாடு, பாடம், ஏதாவது. சத்தம் நின்றால் யாராவது வந்துவிடுவார்கள். என் சத்தம் கேட்கிற வரைக்கும் அண்ணன் அந்தப் பக்கம் வரமாட்டான், வேறு யாரையும் வரவும் விடமாட்டான்.

"ஆரம்பத்துல இருந்து போடு," என்றேன்.

ஜூன் மாதப் பதிவு. அப்போது மல்லி அழுதுகொண்டிருந்த காலம். அவன் தொட்டிக்குள் வந்து நேராக அவள் வீட்டு வாசலில் நின்றான். எந்த ஆண் கதவருகே வந்தாலும் மல்லி சொல்வதை அவனிடமும் சொன்னாள்.

"அண்ணா விட்டுடுங்கண்ணா. வேண்டாம்ணா."

"அழாதளா," என்றான். "ஆரு என்ன செஞ்சா? நான் சுடலைளா. வரிசையில நிக்கும்போது பயலுவ ஒன் சத்தத்தப் போட்டுச் சிரிச்சானுவ. அவனுவ போட்ட திருட்டு ஃபைலையே போட்டு உள்ள வந்தேன். நான்தான்ளா."

"கிட்ட வராதீங்கண்ணா. உங்க கால்ல விழறேண்ணா."

அவன் பின்னால் நகர்ந்தான். பத்தடி தள்ளிப் போய், அவள் அழாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டான். இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான். மறுநாள் செங்கல்லோடு வந்தான்.

"அக்கா, என்ன பட்டன் அமுக்க?" ஜெனிட்டா கேட்டாள். பொம்மை, கோளாறு, மனிதன் என்று மூன்று பட்டன்கள்.

"மனிதன்."

அமுக்கினாள். "நாளைக்கு மறுநா சத்தம் மாறிரும்லா. பாவம், இவனுக்குப் பிடிக்குமோ என்னவோ."

"யாரு சத்தம் வருது?"

அவள் குனிந்து கீபோர்டைப் பார்த்தாள். "எனக்கதுதான் அக்கா. மூணு வாரமா பதிவு நடந்துச்சு. நிரஞ்சன் சார் சொல்லாண்டாம்னு சொன்னாரு. நான் ஒங்கள மாதிரி இல்லக்கா, எனக்குப் பதிவுன்னு முன்னாடியே தெரியும். சும்மா நடிச்சேன்."

"நடிச்சா கண்டுபிடிச்சிருவாங்க."

"மொத வாரந்தான் நடிச்சேன்," என்றாள்.

"ஒன்பதாம் பக்கம் படிச்சியா?"

"வாசிச்சேன் அக்கா. ஒண்ணும் வெளங்கல்ல. பென்சில்ல குறி போட்டிருந்த எடத்துலல்லாம் போட்டேன்."

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். ஜூலையிலேயே, நிரஞ்சன் அவள் பெயரைச் சொன்ன அன்றே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நானே இருக்கேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

நவம்பர் ஒன்று. பதினொரு மணிக்குக் குரல் மாற்றம். பத்தே முக்காலுக்கு அண்ணன் உள்ளே வந்தான். ரிவ்யூ மேசையில் ஒரு வசதி உண்டு. சோதனைக்காக, பொம்மையை நிறுத்திவிட்டு அதன் வாயில் நாமே பேசலாம். ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும். பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும். எரிகிறவரை பேசுகிறதெல்லாம் பதிவாகிக் கம்பெனியின் கிடங்குக்குப் போகும். அதுவும் ஒன்பதாம் பக்கம்தான்.

பிடித்தேன். விளக்கு எரிந்தது.

"இந்தச் சத்தம் இன்னைக்கோட நின்னுரும்," என்றேன். "நாளையில இருந்து வராதீங்க."

அவன் கையிலிருந்த செங்கல் அப்படியே நின்றது.

"ஏளா?" என்றான். "இப்படி நீ சொல்ல மாட்டியே. இது நீதானா, இல்ல அதுவா?"

நான்தான் என்று சொல்லலாம். மல்லியும் அதைச் சொல்லும், ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறது. பெயரைச் சொல்லலாம், ஊரைச் சொல்லலாம். எந்த ஊருடி என்று கேட்டு அதையெல்லாம் முதல் வாரத்திலேயே வாங்கிவிட்டார்கள். என் அழுகை, என் கெஞ்சல், என் மௌனம், என் மரத்துப்போன பேச்சு, எல்லாம் கிடங்கில் இருக்கிறது. அது சொல்லாத ஒரு சொல்லைத் தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது. அண்ணாச்சி சொல்லியிருக்கிறேன், அண்ணா சொல்லியிருக்கிறேன். அவனை வீட்டில் கூப்பிடுகிற சொல்லை அந்தக் கண்ணாடி அறையில் ஒருபோதும் சொன்னதில்லை. அந்த ஆண்களில் யாரிடமும் அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பட்டனிலிருந்து கையை எடுத்தேன். மல்லி தன் வேலையைத் தொடர்ந்தது. "இங்க யாரும் இல்ல. போயிருங்க."

"செரி," என்றான் அண்ணன். "நெனச்சேன்."

போனை எங்கள் மாடிக்குள் கொண்டுவரக் கூடாது. லாக்கரில் இருக்கும். எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். லிஃப்ட் வந்த பிறகு அந்தப் படிக்கட்டில் யாரும் நடப்பதில்லை. அழைத்தேன். மூன்று ரிங்.

"ஏளா?" பயந்த குரல். "என்னாச்சு? நீ போன் பண்ண மாட்டியே."

மேலே நாலாவது மாடியில் கைதட்டும் சத்தம் கேட்டது. மணி பதினொன்று ஆகியிருக்க வேண்டும். ஜெனிட்டா தொட்டிக்குள் போயிருப்பாள்.

"ண்ணே," என்றேன்.

அந்தப் பக்கம் லாரிகள். யாரோ வண்டியை முன்னால் எடு என்று கத்தினார்கள். அவன் எடுக்கவில்லை.

"நீதானா," என்றான். இந்தத் தடவை அவன் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.